பாம்புக்கு எலி கொடுப்பது எப்படி: வடசென்னையில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

பால் பைத்தானோ (ball python, மிரண்டால் பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) கார்ன் ஸ்நேக்கோ (corn snake, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) வீட்டுக்கு வந்த கையோடு, "சரி, எலியை எப்போது போடலாம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. பாம்பு பாய்ந்து சுற்றி வளைப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் பலருக்கு உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிர் எலி கடைசி வழி. கூண்டில் இருக்கும் பாம்புக்குத் தேவை சாப்பாடு. அதற்காக அது காயப்பட வேண்டியதில்லை, எலியும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் சில பாம்புகள், குறிப்பாகச் சின்ன பால் பைத்தான்கள், அசையாத இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் இரண்டு முறையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். செத்த இரையில் தொடங்குவதும், வேறு வழி இல்லாதபோது உயிர் இரையைப் பொறுப்பாகக் கொடுப்பதும் எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

எலிக்கு முன் காகிதம்

நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளி, மலைப்பாம்பு எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. எண்ணூர்ப் பக்கம் முள்ளுக்காட்டில் பிடித்தது, குட்டியாக இருந்ததால் எடுத்து வந்தேன் என்பதெல்லாம் செல்லாது.

வெளிநாட்டு இனங்களுக்கும் ஒழுங்கு வந்துவிட்டது. 2022-இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விவரம் கொடுக்க வேண்டும். பால் பைத்தானும், இரையை இறுக்கிக் கொல்லும் இன்னொரு வெளிநாட்டுப் பாம்பான போவாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. கார்ன் ஸ்நேக் அதில் இல்லை, இருந்தாலும் ரசீதை பத்திரமாக வையுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த பால் பைத்தான்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. விற்பவர் காகிதம் பற்றிப் பேச மறுத்தால் வாங்காதீர்கள்.

இன்னொரு சட்டமும் இந்த விஷயத்தில் வருகிறது. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேடிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொன்றுக்கு இரையாக அடைத்து வைப்பதைக் குற்றமாகச் சொல்கிறது. ஆகவே நண்பர்களைக் கூட்டி வைத்துக் காட்டுவது, ரீல்ஸ் எடுத்துப் போடுவது எதுவும் வேண்டாம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

எது சாப்பாடு, எது இல்லை

பால் பைத்தானுக்கும் கார்ன் ஸ்நேக்குக்கும் முழு எலிதான் சாப்பாடு. எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்து உள்ளே போனால்தான் கால்சியமும் வைட்டமினும் சரியாகக் கிடைக்கும். கோழிக்கறித் துண்டு போட்டு வளர்த்தால் நாளடைவில் சத்துக்குறை வரும். காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது, மீன் மலிவு என்று மீன் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு இனமும் மீன் தின்பவை இல்லை. பாலும் வேண்டாம். ஆடியில் புற்றுக்கு ஊற்றுவது நம் நம்பிக்கை, ஆனால் பாம்பின் உடம்பால் பாலைச் செரிக்க முடியாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில் இருந்தால் போதும்.

தெருவில், வீட்டில், கடையில் பொறியில் விழும் எலியைக் கொடுக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி மாதிரி நெருக்கமான இடங்களில் குடோன்களிலும் வீடுகளிலும் எலி மருந்து வைக்காத தெரு அரிது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடிக்கொண்டுதான் இருக்கும். அதை விழுங்கும் பாம்புக்கும் விஷம் போய்ச் சேரும். அதோடு ஒட்டுண்ணிகள் வேறு. எலிக் காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் இருப்பதால், மழைக்காலத்தில் அதைக் கையாளும் உங்களுக்கும் ஆபத்து. பெருச்சாளிக் குட்டியும் இதே கணக்குத்தான். ஆய்வுக்கூடத்தில் மிச்சமான எலி என்று யாராவது கொண்டு வந்தாலும் வாங்காதீர்கள், அதன் உடம்பில் என்ன மருந்து ஏறியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

வளர்ப்பு வெள்ளை எலிதான் சரி. சுண்டெலி அளவில் இருக்கும் வெள்ளை எலி ஒரு வகை, பெரிதாக வளரும் வெள்ளை எலி இன்னொரு வகை. பால் பைத்தானைக் குட்டியிலேயே பெரிய வகையின் குஞ்சுக்குப் பழக்கினால் பின்னால் அளவு கூட்டுவது சுலபம். கார்ன் ஸ்நேக்குக்குக் கடைசிவரை சின்ன வகையே போதும்.

அளவும் இடைவெளியும்

கண்ணால் பார்க்கும் கணக்கு இது: பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ, எலியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவு. விழுங்கிய பிறகு லேசான புடைப்பு தெரிந்தால் சரியான அளவு. சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே தனியாக வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. வளரும் குட்டிக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்ததற்கு 5 முதல் 7 சதவீதம். உதாரணமாக 400 கிராம் பால் பைத்தானுக்கு 40 கிராம் எலி, அதாவது பால்குடி மறந்த பெரிய வகைக் குட்டி ஒன்று. முட்டையிலிருந்து வந்து கொஞ்ச நாளான கார்ன் ஸ்நேக் 10 கிராம்கூட இருக்காது. அதற்கு ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு, கடைக்காரர்கள் பிங்கி என்பது, ஒன்று போதும்.

குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒரு தடவை. ஒரு வயதைத் தாண்டினால் பத்துப் பன்னிரண்டு நாள். முழுதாக வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று தாராளம். அடிக்கடி கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று கொழுக்க வைப்பது பாம்பின் ஆயுளைக் குறைக்கும் வேலை.

எலி வாங்கி வருவது

பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பறவைச் சந்தை, கொளத்தூர் வண்ணமீன் கடைகள், பக்கத்துத் தெரு செல்லப்பிராணிக் கடை என்று விசாரித்தால் வெள்ளை எலி வளர்ப்பவர் யாராவது தெரியவருவார். அப்புறம் கடையை விட்டுவிட்டு அவரிடமே வாங்குங்கள். கூண்டு எப்படி இருக்கிறது, எலிக்குத் தீனி தண்ணீர் இருக்கிறதா, தும்மலோ கண்ணில் சிவப்புக் கசிவோ இருக்கிறதா என்று நேரில் பார்க்க முடியும். மெலிந்து ரோமம் கொட்டிய எலியை வாங்கினால் உங்கள் பாம்புக்குப் போவதும் அந்த நோஞ்சான் சத்துத்தான்.

அக்னி நட்சத்திர நாட்களில் அதிகாலையில் போய் வாருங்கள். பத்து மணி வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்த எலி வீடு வருவதற்குள் செத்துவிடும். காற்றுத் துளை போட்ட டப்பா, கிழித்த செய்தித்தாள், ஒரு வெள்ளரித் துண்டு இருந்தால் வழி தாங்கும். வீட்டுக்கு வந்த எலிக்குக் கோதுமை, கொஞ்சம் பொட்டுக்கடலை, தண்ணீர் கொடுத்து நிழலில் வையுங்கள். இரையாகப் போவதற்கு எதற்கு உபசாரம் என்று கேட்கலாம். பசித்த எலிதான் பாம்பைக் கொறிக்கும். அதற்கும் மேலாக, நம் கையில் இருக்கும் வரை அது நம் பொறுப்பு.

செத்த இரை: இங்கே தொடங்குங்கள்

எலியை வீட்டில் நீங்களே கொல்லப் பழக வேண்டாம். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும் தண்ணீரில் அமுக்குவதும் கொடூரம். கைதேர்ந்த வளர்ப்பாளரிடம் நொடியில் முடித்துத் தரச் சொல்லி வாங்கலாம், இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கற்கலாம். கொன்ற எலிகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கவரில் போட்டு, தேதி எழுதி, மூடி இறுகும் டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஆறு மாதம் வரை தாங்கும். வீட்டில் மாவும் மீனும் இருக்கும் அதே ஃப்ரீசர் என்றால் அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒளி ஊடுருவாத தனி டப்பா வைப்பது மரியாதை. முடிந்தால் பழைய சின்ன ஃப்ரீசர் ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள்.

கொடுக்கும் நாளுக்கு முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், மெதுவாக இளகட்டும். மறுநாள் மாலை கவரோடு வெந்நீரில் போடுங்கள். கை பொறுக்கும் சூடு, 40 டிகிரி போதும். கொதிநீர் வேண்டாம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே வெந்து, வயிறு வெடித்து, உள்ளே கட்டியாகவே இருக்கும். வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள், நடுவில் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் நேரம் வேண்டும். ஈரத்தைத் துடைத்து, கடைசி நிமிடத்தில் தலைப்பக்கத்தை மட்டும் இன்னொரு முறை வெந்நீரில் காட்டுங்கள். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை, சூடான தலை அதற்கு உயிருள்ள எலியாகவே தெரியும். கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் இல்லை, அது வாசனையை வைத்துத்தான் வரும்.

அப்புறம் முப்பது சென்டிமீட்டர் நீள இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, பாம்பின் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி லேசாக அசையுங்கள். முகத்தில் போய் இடிக்காதீர்கள். பாய்ந்து பிடித்ததும் இரண்டு நொடி மெல்ல இழுத்து விடுங்கள், துடிப்பு இருப்பதாக நினைத்து இறுக்கும். தயங்கினால் பாம்பு ஒளிந்துகொள்ளும் குடுவைக்கு முன்னால் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். காலைவரை தொடாவிட்டால் அந்த எலி வீண்தான், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து விட்டுவிடுங்கள். கண் வெளுத்து நீலம் பாய்ந்து, சட்டை உரிக்கப் போகும் நாட்களிலும் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்கென்று வேறு பெட்டிக்கு மாற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்றும்போது பாம்பு மிரளும், தின்ற வயிற்றோடு திரும்பத் தூக்கினால் கக்கும்.

உயிர் இரை கொடுத்தே ஆக வேண்டுமென்றால்

மேலே சொன்னதைப் பல வாரம் பொறுமையாக முயன்று, சூடு, மறைவிடம், இரையின் அளவு எல்லாம் சரிபார்த்து, அப்படியும் எடை குறைந்துகொண்டே போகும் குட்டிக்குத்தான் இது.

முதல் முயற்சி கண் திறக்காத குஞ்சாக இருக்கட்டும். ஏறக்குறைய இரண்டு வாரம் வரை எலிக்குஞ்சு கண் திறக்காது, அதனால் பாம்பைக் காயப்படுத்தும் ஆபத்து மிகக் குறைவு. அதன் அசைவே பல பாம்புகளை எழுப்பிவிடும். இதிலேயே சாப்பிடத் தொடங்கினால் பெரிய உயிர் எலிக்கு நீங்கள் போகவே தேவையில்லை, அடுத்த தடவை அப்போதே கொன்ற குஞ்சு, அதற்கடுத்து உறைய வைத்து இளக்கியது என்று நகர்த்தலாம்.

வளர்ந்த எலி என்றால் நிலைமை வேறு. எலியின் முன்பற்கள் மரத்தையே அறுப்பவை. அடைபட்ட பாம்பு எலியைத் திருப்பி அடிக்காமல் சுருண்டு படுத்திருக்கும், எலி அதன் முதுகெலும்பு தெரியும்வரை கொறித்துவிடும். பசியில்லாத பாம்போடு இரவெல்லாம் எலியை விட்டுவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் பார்ப்பது இதைத்தான். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால், எலி உள்ளே இருக்கும்போது அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இருட்டிய பிறகு, வீடு அடங்கிய நேரமாகப் பாருங்கள். பால் பைத்தான் இரவில் இயங்குவது. பிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள், போனைக் கீழே வையுங்கள். பாம்பு தலையை வெளியே நீட்டி, நாக்கை நிதானமாக ஆட்டிக்கொண்டிருந்தால் அது பசியின் அறிகுறி. பந்தாகச் சுருண்டு தலையை மறைத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுங்கள், குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். எலி புகுந்து ஒளியக்கூடிய கட்டைகளையும் எடுத்துவிடுங்கள்.

செத்த இரையைவிட ஒரு அளவு சின்ன எலி தேர்ந்தெடுங்கள். சுண்டெலி வகையை வாலின் அடிப்பக்கத்தில் ஒரு நொடி பிடித்து இறக்கலாம். பெரிய வகையை வால் நுனியில் தூக்கினால் தோல் உரிந்துவிடும், உடம்பைத் தாங்கிப் பிடித்து இறக்குங்கள். பாம்பின் தலைக்கு எதிரே, எட்டும் தூரத்தில் விடுங்கள்.

பாம்பு தலையைக் கவ்விச் சுற்றினால் உங்களுக்கு வேலை இல்லை. இறுக்கம் எலியின் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. மூச்சடைத்துத்தான் சாகிறது என்ற பழைய எண்ணத்தை 2015-இல் போவாக்களை வைத்துச் செய்த ஆய்வு மாற்றியது. நினைவு சட்டென்று போய்விடும். பின்பக்கத்தைக் கவ்வி, எலியின் வாய் விடுபட்டிருந்தால் கவனம். இடுக்கியின் நுனியை அதன் வாய்க்கு நேரே நீட்டுங்கள், எலி அதைக் கடித்துக்கொண்டிருக்கும், பாம்பின் தோல் தப்பும். கையை மட்டும் நுழைக்காதீர்கள். பாம்பு எது எலி எது கை என்று அந்த நேரத்தில் பார்க்காது.

எலி அடங்கியதும் பாம்பு பிடியைத் தளர்த்தி மூக்கால் தடவித் தலையைத் தேடும். சிலசமயம் கீழே போட்டுவிட்டு நகர்வது போலவும் தெரியும். பொறுங்கள், உதவி செய்யப் போய்க் கெடுத்துவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் பாம்பு ஆர்வமே காட்டவில்லையென்றால் எலியை எடுத்துவிடுங்கள். அதைத் திரும்ப அதன் டப்பாவுக்கு அனுப்பித் தீனி வையுங்கள். வேண்டாம் என்று தெருவில் விடுவது கூடாது. அடுத்த முயற்சிக்குக் குறைந்தது ஐந்தாறு நாள் போகட்டும்.

சாப்பிட்ட பிறகு

தண்ணீரைத் திரும்ப வைத்து, 48 மணி நேரம் பாம்பைத் தூக்காதீர்கள். செரிமானத்துக்குச் சூடு வேண்டும். பால் பைத்தானின் பெட்டியில் ஒரு ஓரம் 31 முதல் 33 டிகிரி, மறு ஓரம் 26 பக்கம். சென்னையில் மார்கழி இரவுகள், ஐப்பசி மழை போன்ற குளிர்ந்த நாட்களில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) தேவைப்படும், அதுவும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டக் கூடாது. வெயில் மாதங்களில் சிக்கல் தலைகீழ். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மே மாத மதியம் அறையே 36-ஐத் தாண்டும், அந்த நாட்களில் பெட்டியைத் தரையோரம் இறக்கி வையுங்கள். வெயில் தணியும்வரை சாப்பாட்டையும் தள்ளிப் போடலாம்.

கக்கிவிட்டால் உடனே மறுபடி ஊட்டாதீர்கள். பத்து முதல் பதினான்கு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பாதி அளவில் தொடங்குங்கள். இரண்டாவது தடவையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

மின்வெட்டு நம் பகுதிக்கே உரிய தலைவலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஃப்ரீசர் இளகினால் உள்ளே இருக்கும் எலிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். பாம்பு இரண்டு வாரம் பட்டினி தாங்கும், கெட்ட இரையைத் தாங்காது. தூக்கிப் போடுவதையும் இரண்டு கவரில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள், பக்கிங்காம் கால்வாயில் வீசாதீர்கள்.

இடுக்கி, வெந்நீர்க் கிண்ணம், தட்டு எல்லாம் தனி. ஊர்வனவற்றின் உடம்பில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருப்பது சகஜம் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் இந்த வேலையைச் சமையலறைக்குள் கொண்டு வரவே வேண்டாம். எலி உங்களைக் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்பால் நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ காட்டுங்கள். தடுப்பூசி தேவையா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

சாப்பிட மறுத்தால், காயம் பட்டால்

வளர்ந்த பால் பைத்தான், அதிலும் ஆண், குளிர்ந்த மாதங்களில் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். எடை குறையாதவரை பயப்பட வேண்டாம். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் காரணம் தேடுங்கள். இதற்காகத்தான் ஒரு நோட்டு வேண்டும்: தேதி, இரையின் எடை, பாம்பின் எடை, சட்டை உரித்த நாள், கழிவு போட்ட நாள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு மாதத்தில் குழம்பிவிடும்.

எலி கடித்த காயம் சின்னதாகத் தெரிந்தாலும் தோலுக்கடியில் சீழ் கட்டும். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிர்நிறம் வரும்வரை நீர்த்துத் துடைத்து, தேங்காய் நார்ப் படுக்கையை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் விரித்து, மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பக்கத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. பாம்பைத் துணிப்பையில் விட்டுப் பையின் வாயைக் கட்டி, அதைத் துளையிட்ட டப்பாவுக்குள் வையுங்கள். அந்த நோட்டையும், கிடைத்தால் அன்றைய கழிவைச் சின்ன டப்பாவில் போட்டும் எடுத்துப் போங்கள். வெயிலுக்கு முன் கிளம்பிவிடுவது நல்லது, பேசின் பிரிட்ஜ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் டப்பா சூடேறிவிடும்.